சுருங்க மறுப்பவை

(ஸ்கேல் மாடல் கார்கள் கட்டுவது, பெயிண்ட் அடிப்பது பற்றி ஒரு நூலக அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1970-களில் வந்த போர்ஷே 911 காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். எடையைக் கணக்குப் போட்டால் ஆச்சரியம் இன்னும் கூடும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால் எடையை 24 × 24 × 24, அதாவது 13,824-ஆல் வகுக்க வேண்டும். ஆயிரம் கிலோ வண்டி 72 கிராமுக்கு வந்துவிடும்.

இதுவரை கணக்கு சொன்னபடி கேட்கிறது. இனி அந்த 18 சென்டிமீட்டர் வண்டிக்குச் சிவப்பு பெயிண்ட் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டை 24-ஆல் வகுக்க யாராலும் ஆகாது. துணியின் இழையை வகுக்க முடியாது. சன்னல் வழியாக வரும் வெளிச்சத்தை வகுக்க முடியாது. இவையெல்லாம் சுருங்க மறுப்பவை. கணக்கு எங்கே நின்றுபோகிறதோ, அங்கிருந்துதான் மாடல் கட்டுகிறவரின் வேலை தொடங்குகிறது. அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

‘பொம்மைக் கார்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. பொம்மையை நான் தாழ்வாக நினைப்பவன் அல்லன். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேருக்கென்றே ஒரு பருவம் ஒதுக்கிய மொழி நம்முடையது. ஆனால் சிறுதேர் உருள வேண்டும். உருண்டால் அதற்குப் போதும். ஸ்கேல் மாடல் உருளாவிட்டாலும் குற்றமில்லை. நிஜக் காரில் கதவின் உயரத்துக்கும் சக்கரத்தின் விட்டத்துக்கும் என்ன உறவோ, அதே உறவு இங்கேயும் இருந்தாக வேண்டும். அது தவறினால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வேறு ஏதோ ஒரு கார்.

இந்த அளவுகள் எப்படி வந்தன என்பதே ஒரு தனிக்கதை. 1/24 என்பது அடி, அங்குலக் கணக்கில் பிறந்தது: ஓர் அடிக்கு அரை அங்குலம். 1/12 என்றால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். 1/43 ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனில் ‘ஓ’ கேஜ் ரயில் மாடல்களை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று செய்தார்கள். அந்த ரயில் நிலையத்தின் வாசலில் நிறுத்துவதற்குக் கார்கள் வேண்டியிருந்தன. ஜப்பானில் டமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கி ஒன்றை வடிவமைத்தபோது, மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டும் என்பதை வைத்துத்தான் அதன் பருமனை முடிவு செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ 1/35. உலகெங்கும் ராணுவ மாடல்களுக்கு இன்று அதுவே பொது அளவு. பேட்டரியின் பருமன் ஒரு துறைக்கே அளவுகோலாகிவிட்டது.

கார்களுக்கு வருவோம். அமெரிக்காவில் 1/25 அளவை நிலைநிறுத்தியவை கார் விற்பனைக் கூடங்கள். மிச்சிகன் மாநிலத்தில் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், புதுக் கார் வாங்க வருபவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்காக, அந்தந்த ஆண்டுக் காரின் சிறு உருவத்தைச் செய்து விற்பனையாளர்களுக்குத் தந்தது. முதலில் அலுமினியம், பிறகு பிளாஸ்டிக். 1958-இல் அதே அச்சுகளை வைத்து, பிரித்த பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: கம்பெனியிலிருந்து வந்தபடி, சொந்த ரசனைக்கு மாற்றி, அல்லது பந்தயக் காராக. ஒட்டுவதும் பூசுவதும் அமெரிக்கச் சிறுவர்களின் அன்றாடப் பொழுதுபோக்கானதில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதற்கு வெகு காலம் முன்பே, கிட் என்ற ஒன்றே இல்லாமல், மரக்கட்டையிலிருந்து செதுக்கிய ஒரு தலைமுறை இருந்தது. அதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸின் கார் உடல்களைச் செய்துவந்த பிரிவுக்கு ஃபிஷர் பாடி என்று பெயர். அதன் சின்னம் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி. 1930-இல் அவர்கள் பதின்ம வயதுப் பையன்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள்: அந்த அலங்கார வண்டியை, தரும் வரைபடத்தின்படி, முழுக்க முழுக்கத் தன் கையால் சிறிதாகச் செய்து அனுப்ப வேண்டும். மரவேலை, உலோகவேலை, மெத்தை தைப்பது, வண்ணம் பூசுவது எல்லாமே ஒரே பையன். பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கியிருந்த காலம். ஒரு தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அந்தத் தொகை வாழ்க்கையையே மாற்றும். 1937 முதல் குதிரை வண்டியோடு, தானே கற்பனை செய்த காரின் மாதிரியையும் அனுப்பலாம் என்று சேர்த்தார்கள். 1/12 அளவு. இங்கே வரைபடம் இல்லை. என்ன கார் என்பதைப் பையனே யோசிக்க வேண்டும். போட்டி 1968 வரை நடந்தது.

1947-இல் அதில் வென்றவர்களில் சக் ஜோர்டன் ஒருவர். அவர் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, 1986-இல் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். இப்படிப் போட்டியிலிருந்து வடிவமைப்புக் கூடத்துக்குப் போனவர்கள் வேறு பலரும் உண்டு. மரக்கட்டையைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வளைவைக் கண்டுபிடித்த கைகள்தான் பிறகு தெருவில் ஓடிய கார்களின் வளைவுகளை முடிவு செய்தன. பெண்பிள்ளைகளை அந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டு நடத்திய போட்டி அது. எத்தனை நல்ல கைகள் அதனால் வெளியே நின்றுபோயின என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வடிவமைப்புக் கூடங்களில் இன்றும் ஒரு நடைமுறை உண்டு. புதுக் காரை முதலில் சின்னதாகக் களிமண்ணில் செய்வார்கள். பிறகு முழு அளவிலும் ஒரு முறை களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். சின்னதில் கச்சிதமாகத் தெரிந்த வளைவு, பெரிதாக்கியதும் தொய்ந்தோ தட்டையாகவோ தெரியும். நாம் செய்வது அதன் மறுபக்கம். பெரிதில் சரியாக இருப்பதைச் சின்னதில் சரியாகத் தெரியவைக்க வேண்டும். கண் ஒன்றுதான், அது பார்க்கும் தூரம் மாறிவிடுகிறது.

இப்போது பெயிண்ட்.

நிஜக் காரின் மேல் தொழிற்சாலையில் ஏறும் பூச்சு, பிரைமர் முதல் கிளியர் கோட் வரை எல்லாம் சேர்ந்து, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். மாடலின் மேல் நாம் அடிப்பதும் எளிதில் அந்தக் கனத்தைத் தொட்டுவிடும். அதை 24-ஆல் பெருக்குங்கள். 2.4 மில்லிமீட்டர். நிஜக் காரின் மேல் அவ்வளவு கனமாகப் பூசினால் என்ன ஆகும்? பின்பக்கத்துப் பெயர் எழுத்துகள் மழுங்கிவிடும். கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்புகள் உருண்டுவிடும். கதவிடுக்கைப் பாருங்கள்: நிஜத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளி மாடலில் 0.17 மில்லிமீட்டர்தான். இருபுறமும் 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட் ஏறினால் அந்த இடுக்கே மிஞ்சாது. அந்தக் கதவு திறக்கும் என்ற நினைப்பே பார்ப்பவருக்கு வராது.

அதனால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பெயிண்ட் வேலை தொடங்கிவிடுகிறது. கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றின் கோட்டையும் ஆழப்படுத்த வேண்டும். பிளேடின் கூர்ப்பக்கத்தை அல்ல, முதுகைக் கோட்டில் வைத்து இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் கை அழுத்தமே கூடாது. பிளேடின் எடை மட்டும் போதும். அது தனக்கு ஒரு தடம் போட்டுக்கொள்ளும். அடுத்தடுத்த இழுப்புகளில் அந்தத் தடத்திலிருந்து மெல்லிய சுருளாகப் பிளாஸ்டிக் உரிந்து வரும். முதலிலேயே அழுத்தினால் பிளேடு கோட்டைவிட்டு விலகி, கதவின் நடுவே ஒரு கீறல் விழும். பிறகு பட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி தொடங்க வேண்டும். கதவுக் கோடு கீழே வளையும் மூலையில்தான் பெரும்பாலும் விலகும். அந்த இடத்தில் கையைத் திருப்பாதீர்கள், உடலைத் திருப்புங்கள்.

பிறகு அச்சுக்கோடு. அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய வரி நிற்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கண்ணுக்கே தெரியாது. பளபளப்பான பெயிண்ட் ஏறியதும் மட்கார்டின் மேல் நீளமாக ஓடும். 600-ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன்பின் பாத்திரம் கழுவும் சோப்பில் உடலை ஒரு முறை கழுவிக் காயவைப்பது நல்லது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

பிரைமர் தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தேவை. இந்தப் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். ஒட்டும் திரவமே அதைக் கொஞ்சம் கரைத்துத்தான் ஒட்டுகிறது. இரண்டு பாகத்தின் மேற்பரப்பும் இளகி ஒன்றாகி, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாக நிற்கும். அதே குணம் பெயிண்ட் வேலையில் எதிரியாகிறது. நம் ஊர் பெயிண்ட் கடையில் வாங்கும் என்.சி. தின்னரை நேராக இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் விட்டால் மேற்பரப்பு வெடித்துச் சொரசொரப்பாகிவிடும். டிங்கர் பட்டறையில் காருக்கு அடிக்கும் பெயிண்டை வாங்கி வந்து மாடலில் அடிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மாடலுக்கென்று வரும் பிரைமரை முதலில் மெல்லிய பூச்சாக ஏற்றிக் காயவிட்ட பிறகே வண்ணம். சிவப்பு, மஞ்சள் அடிப்பதானால் அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ இருக்கட்டும். சாம்பல் பிரைமரின் மேல் மஞ்சள் பச்சை சாய்ந்து, செத்துத் தெரியும்.

சென்னையில் இருந்துகொண்டு இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம், காற்றின் ஈரம். லாக்கர் பெயிண்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படியும். கறுப்புக் கார் கண்முன்னே பால் படர்ந்து வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நிச்சயம் நடக்கும். அந்த மாதங்களில் ஒட்டுவது, தேய்ப்பது, உள்ளே இருக்கை, டாஷ்போர்டு பூசுவது என்று வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். உடலுக்குப் பளபளப்பு ஏற்றுவதை மழை விட்டபின், வெயில் ஏறிய முற்பகலில் வைத்துக்கொள்ளலாம். மெதுவாக உலரச் செய்யும் ரிட்டார்டர் கலந்தால் இன்னும் பாதுகாப்பு.

அடிக்கும் முறைக்கு வருவோம். முதல் இரண்டு பூச்சும் தூறலாக விழ வேண்டும். அடியில் உள்ள பிரைமர் இன்னும் தெரிந்தபடி இருக்க வேண்டும். அந்தத் தூறல் பிடித்துக்கொண்ட பிறகு, அதன் மேல் ஒரே ஓர் ஈரப்பூச்சு. உடலுக்கு வெளியே தொடங்கி உடலுக்கு வெளியே முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே வழியும். முடிந்ததும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டு எழுந்து போய்விடுங்கள். தொட்டுப் பார்ப்பதைவிட முகர்ந்து பார்ப்பது மேல். மூக்கருகே கொண்டுபோனதும் தின்னர் வாசம் லேசாக வந்தால்கூட உள்ளே இன்னும் காயவில்லை என்று பொருள். அப்போது பாலிஷ் போட்டால் இரண்டு வாரம் கழித்துப் பரப்பு அமிழ்ந்து மங்கும். பாலிஷ் போடும்போது சமமான பரப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். விளிம்பில் தேய்க்கக் கூடாது. விளிம்பில்தான் பெயிண்ட் எப்போதும் மெலிந்திருக்கும்.

அடிக்கும்போது முகமூடி கட்டாயம். துணி முகமூடி துகளைத்தான் நிறுத்தும், கரைப்பான் ஆவியை நிறுத்தாது. ஆவிக்கென்று வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். சன்னல் திறந்திருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

மெட்டாலிக் வண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜக் கார் பெயிண்டில் உள்ள அலுமினியத் துகளை அப்படியே மாடலில் அடித்தால், ஒவ்வொரு துகளும் 24 மடங்கு பெரிதாகிவிட்ட கணக்கு. வெள்ளிநிறக் காரின் மேல் ரவையைக் கொட்டியதாகத் தெரியும். அதனால்தான் மாடல் பெயிண்ட் செய்கிறவர்கள் மிகமிக நுண்ணிய துகளைத் தேடுகிறார்கள். நிஜக் காரின் சரியான பெயிண்ட், மாடலில் தவறான பெயிண்ட். இதை ஏற்றுக்கொள்ளப் புதியவர்களுக்கு நாளாகும்.

இதே விதி மற்றப் பாகங்களிலும் விதவிதமாகத் தலைகாட்டும். கிட்டில் வரும் சன்னல் பாகம் ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால், நிஜத்தில் அது ஏறத்தாழ ஓர் அங்குலக் கண்ணாடி. அதன் வெட்டுமுகத்துக்குக் கறுப்பு தீட்டிவிட்டால் அந்தக் கனம் கண்ணிலிருந்து மறையும். சீட் பெல்ட்டை நிஜத் துணியில் செய்தால் இழை கயிறுகயிறாகத் தெரியும். மெல்லிய உலோகத் தாளில் வெட்டி மங்கலான பெயிண்ட் அடித்தால்தான் துணியாகத் தெரியும். நிஜத்தில் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பார்க் பிளக் ஒயருக்கு இங்கே 0.33 மில்லிமீட்டர், பழைய டெலிபோன் கேபிளைப் பிரித்தால் அதற்குத் தோதான செம்புக்கம்பி கிடைக்கலாம். டயருக்கு அடர்கறுப்பு வேண்டாம். சாலையில் ஓடிய டயர் சாம்பல். தரையில் படும் பரப்பை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டாலே வண்டிக்கு எடை வந்துவிடும்.

வெளிச்சம்தான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. நிஜக் காரின் கதவிடுக்கில் ஆழம் இருக்கிறது. அதனால் அங்கே நிழல் தானாக விழுகிறது. மாடலில் அந்த ஆழம் இல்லை. எனவே நிழலை நாம்தான் தீட்ட வேண்டும். நீர்த்த பெயிண்டை நுனித் தூரிகையால் கோட்டில் தொட்டுவிட்டால் அது தானே இடுக்கு நெடுக ஓடிவிடும். கறுப்பு வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளைக் காருக்குச் சாம்பல், சிவப்புக் காருக்கு அடர்பழுப்பு. எங்கும் கறுப்பு ஓட்டினால் அது காராகத் தெரியாது, காரின் கோட்டோவியமாகத் தெரியும்.

எதை விடுவது, எதைக் கூட்டுவது என்று முடிவு செய்ய நிஜக் காரைப் பார்த்திருக்க வேண்டும். டமியாவை நெடுங்காலம் நடத்தி 2025-இல் மறைந்த ஷுன்சாகு டமியா இதில் எனக்கு ஆசான். ஷிசுவோகா நகரில் 1946-இல் அவருடைய தந்தை மர அறுவைத் தொழிலாகத் தொடங்கிய நிறுவனம் அது. மர மாடல்களிலிருந்து பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1967-இல் ஹோண்டாவின் பந்தயக் காரை 1/12 அளவில் கொண்டுவந்தார்கள். 1970-களில் போர்ஷே 934-ஐ அதே அளவில் செய்ய முனைந்தபோது, ஜெர்மனிக்குப் போய் அளந்து வந்ததும் போதவில்லை. ஷுன்சாகு ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிப் பிரித்தே பார்த்துவிட்டார். மாடல் 1976-இல் வந்தது. அச்சுக்கு ஆன செலவை ஈடுகட்ட, அதே உடலை வைத்து ரேடியோவில் இயங்கும் காரையும் செய்தார்கள். அது நிறுவனத்துக்கே ஒரு புதுத் தொழிலைத் திறந்துவிட்டது.

நம்மால் போர்ஷே வாங்கிப் பிரிக்க முடியாது. சென்னைப் புதுப்பேட்டைக்குப் போக முடியும். அங்கே கழற்றி வைத்த கதவுகளும், ஹெட்லைட்டுகளும், டாஷ்போர்டுகளும் தெருவோரம் கிடக்கின்றன. கதவின் உட்பக்கத் தகடு எங்கே மடிகிறது, ரப்பர் பீடிங் எங்கே முடிகிறது, பழைய பிளாஸ்டிக் எந்த நிறமாக வெளுக்கிறது என்பதை அரைநாளில் கற்றுக்கொள்ளலாம். கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்; விஷயத்தைச் சொன்னால் அவரே இன்னொரு பாகத்தைத் தேடி எடுத்துக் காட்டுவார்.

முதல் கிட் எது வாங்கலாம்? 1/24 அளவில், எஞ்சின் இல்லாத, பானெட் திறக்காத ஒன்று. எஞ்சின் இல்லாதது தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். உடல் கச்சிதமாகப் பொருந்தும், பெயிண்டுக்கு முழுக் கவனமும் கிடைக்கும். மெட்டாலிக் இல்லாத ஒரு நடுத்தர நீலத்தில் தொடங்குங்கள். வெள்ளை மூடுவது கடினம். கறுப்பு ஒரு தூசியையும் மறைக்காது. நுண்ணிய உலோகத் தகடுகளால் ஆன கூடுதல் பாகங்களை இப்போதைக்கு வாங்காதீர்கள். கை நீட்டும் தூரத்தில் தெரியாத ஒன்றுக்காகப் பணத்தைக் கொட்டி, எதிரே தெரியும் பெயிண்டைக் கோட்டைவிடுகிற மாடல்களைப் போட்டி மேசைகளில் நிறையப் பார்க்கிறேன்.

உடலில் அடிப்பதற்கு முன் பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் அடித்துப் பாருங்கள். அதன் வளைவும் மட்கார்டின் வளைவும் ஏறத்தாழ ஒன்றே. வழிகிற பெயிண்ட் அங்கேயும் வழியும். இந்த மேசையில் பிரைமர் அடித்த கரண்டிகளும் அடிக்காத கரண்டிகளும் இருக்கின்றன. அடிக்காத ஒன்றின் மேல் முதலில் என்.சி. தின்னரை ஒரு சொட்டு விட்டுக் காட்டுகிறேன். அது என்ன செய்கிறது என்று கிட்டே வந்து பார்த்துவிட்டு, முகமூடியைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பிரஷ் தயாராக இருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் வரட்டும்.